தபால்தலை சேர்க்கத் தொடங்குகிறீர்களா? கணக்குத் திறப்பதிலிருந்து ஆல்பம் வரை

கையைக் கடிக்காத, வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யக்கூடிய, செல்போனிலிருந்து கொஞ்ச நேரம் கண்ணை எடுக்க வைக்கிற ஒரு பொழுதுபோக்கு வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் தயங்காமல் தபால்தலை சேகரிப்பைச் சொல்வேன். சிறுவயதில் பலரும் செய்து விட்டுவிட்டதுதான். ஆனால் மறுபடி தொடங்கலாம் என்று இறங்கினால் வழி சொல்ல ஆள் இல்லை. எந்த அஞ்சலகத்துக்குப் போவது, என்ன படிவம், என்னென்ன நகல், எவ்வளவு பணம் என்று எதையும் ஒரே இடத்தில் தெரிந்துகொள்ள முடியாமல் நான் கவுன்டர் கவுன்டராக அலைந்திருக்கிறேன். ஒரு கவுன்டரில் "அதெல்லாம் இப்போ இல்லைங்க" என்றே அனுப்பிவிட்டார்கள். இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் வரிசையாக எழுதுகிறேன்.

1. எதைச் சேர்க்கப்போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பணம் செலவழிக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. "எல்லா நாட்டுத் தபால்தலையும் சேர்ப்பேன்" என்று தொடங்குகிறவர்கள் கொஞ்ச நாளில் சோர்ந்துபோவார்கள், ஏனென்றால் அதற்கு முடிவே கிடையாது. ஒரு சின்னத் தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: பறவைகள், ரயில், கோயில்கள், கிரிக்கெட், எது உங்களுக்கு ஏற்கெனவே பிடிக்குமோ அது.

தமிழ்நாட்டையே தலைப்பாக எடுத்தால் நல்ல தொடக்கமாக இருக்கும் என்பது என் எண்ணம். திருவள்ளுவருக்கும் பாரதியாருக்கும் 1960ல் தபால்தலை வந்தது, கணிதமேதை ராமானுஜனுக்கு 1962ல், வ.உ.சி.க்கு 1972ல், தஞ்சைப் பெரிய கோயிலின் ஆயிரமாண்டுக்கும் கோவை செம்மொழி மாநாட்டுக்கும் 2010ல். இவற்றைத் தேடிப் போகும்போதே ஒவ்வொன்றைப் பற்றியும் நாலு விஷயம் படித்துவிடுவீர்கள், அதில்தான் இந்தப் பொழுதுபோக்கின் பாதி இன்பம்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரே வேறுபாடு, நிரந்தர வெளியீடு, நினைவு வெளியீடு என்பது. தினசரித் தபாலில் ஒட்டுகிற சாதாரணத் தலைகளைத் திரும்பத் திரும்ப அச்சடிப்பார்கள், அவை எப்போதும் கிடைக்கும். ஒரு தலைவருக்கோ நிகழ்வுக்கோ வெளியிடுகிற நினைவுத் தலைகளை மறுபடி அச்சடிக்க மாட்டார்கள், கையிருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். அதனால்தான் அடுத்துச் சொல்லப்போகிற டெபாசிட் கணக்கு முக்கியமாகிறது.

2. சரியான அஞ்சலகத்தைத் தேடிப் போங்கள்

தெருமுனையில் இருக்கிற துணை அஞ்சலகத்தில் போய்க் கேட்டால் பெரும்பாலும் கைவிரிப்பார்கள், அவர்கள்மேல் தப்பில்லை, அங்கே அந்தச் சரக்கே வராது. உங்கள் ஊரின் தலைமை அஞ்சலகத்துக்குப் போக வேண்டும். பெரிய நகரங்களின் தலைமை அஞ்சலகங்களில் இதற்கென்றே பிலாட்டலி (தபால்தலை சேகரிப்பு) பியூரோ என்று தனிப் பிரிவு இருக்கும். சென்னையில் அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இருக்கிறது. மற்ற ஊர்களில் தலைமை அஞ்சலகத்துக்குப் போய் "பிலாட்டலி கவுன்டர் எங்கே?" என்று அந்தச் சொல்லையே பயன்படுத்திக் கேளுங்கள். "ஸ்டாம்ப் வேணும்" என்று கேட்டால் தபால் ஒட்டுகிற ஸ்டாம்ப் விற்கிற வரிசையில் நிற்க வைத்துவிடுவார்கள்.

எப்போது போவது? மாதத் தொடக்கத்தில், சேமிப்புக் கணக்குக்குப் பணம் கட்ட வருகிற கூட்டம் அலைமோதும் நாட்களில் போகாதீர்கள். திங்கட்கிழமையும் வேண்டாம். மாத நடுவில், வார நடுவில், காலை 11 மணிக்கு மேல் மதியச் சாப்பாட்டுக்கு முன்பாகப் போனால் கவுன்டரில் இருப்பவர் நிதானமாக ஆல்பத்தை எடுத்துக் காட்டுவார், நீங்களும் நிதானமாகப் பார்க்கலாம். சாயங்காலம் போய் நின்றால் அன்றைய கணக்கை முடித்திருப்பார்கள்.

சில்லறை கொண்டுபோங்கள். 5 ரூபாய்த் தலை இரண்டு வாங்கிக்கொண்டு 500 ரூபாய் நோட்டை நீட்டுவது யாருக்கும் நல்லதல்ல.

3. பிலாட்டலி டெபாசிட் கணக்கு திறக்கும் முறை

இதுதான் கட்டுரையின் முக்கியமான பகுதி, நிதானமாகப் படியுங்கள். நீங்கள் அஞ்சலகத்தில் ஒரு தொகையைக் கட்டி வைக்கிறீர்கள். புதிய தபால்தலை வெளிவரும்போதெல்லாம், நீங்கள் கேட்டிருக்கிற வகையையும் எண்ணிக்கையையும் பார்த்து, அந்தத் தொகையிலிருந்து கழித்துக்கொண்டு வீட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீங்கள் தேதி பார்த்து ஓட வேண்டியதில்லை. குறைந்தபட்ச டெபாசிட் 200 ரூபாய். இது சேமிப்புக் கணக்கு அல்ல, வட்டி எதுவும் வராது.

கொண்டுபோக வேண்டியவை:

- அடையாளச் சான்று, முகவரிச் சான்று நகல். ஆதார் இரண்டுக்கும் சேர்த்தே போதும், ஆனால் அதில் இருக்கிற முகவரியில் நீங்கள் இப்போது குடியிருக்க வேண்டும். வாடகை வீடு மாறியிருந்தால் இப்போதைய முகவரிக்கு இன்னொரு சான்று எடுத்துக்கொள்ளுங்கள்.
- பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் இரண்டு. எல்லா இடத்திலும் கேட்பதில்லை, கேட்டால் கையில் இருக்கட்டும்.
- மூல ஆதார் அட்டை, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தருவார்கள்.
- ரொக்கம் 200 ரூபாய், முடிந்தால் 500.
- நகலில் கையெழுத்துப் போட நீல அல்லது கறுப்புப் பேனா.

நகல்களை வீட்டிலிருந்தே எடுத்துப்போங்கள். அஞ்சலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை இருக்கும் என்று நம்பிப் போனால் அன்றைக்கென்று கரன்ட் இருக்காது.

படிவத்தில் பெயர், முகவரி, பின்கோடு, செல்போன் எண் எல்லாம் வழக்கம்போலத்தான். கவனிக்க வேண்டிய இடம் அதற்குக் கீழே வருகிற பட்டியல். ஒற்றைத் தலை, நாலு தலை சேர்ந்த பிளாக், முழு ஷீட், மினியேச்சர் ஷீட் (ஒன்றோ சிலவோ தலைகளை அலங்கார ஓரத்தோடு அச்சடித்த சின்னத் தாள்), முதல்நாள் உறை (வெளியீட்டு நாளன்று புதுத் தலையை ஒட்டி முத்திரை குத்திய உறை), விவரத்தாள் என்று வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை வேண்டும் என்று எழுத வேண்டும். எல்லாமே நன்றாக இருக்கிறதே என்று எல்லாவற்றுக்கும் எழுதிவிட்டால் அவ்வளவுதான். முழு ஷீட் ஒன்றில் 5 ரூபாய்த் தலை 40 இருந்தால் அதுவே 200 ரூபாய், முதல் வெளியீட்டோடு கணக்கு காலி.

என் பரிந்துரை: ஒற்றைத் தலை 1, மினியேச்சர் ஷீட் 1, விவரத்தாள் 1. இது போதும். நினைவுத் தலைகள் பெரும்பாலும் 5 ரூபாய்தான் என்பதால் 200 ரூபாய் சில மாதங்களுக்கு வரும். விவரத்தாளை விட்டுவிடாதீர்கள். அந்தத் தலை எதற்காக வந்தது, யார் வடிவமைத்தது, எத்தனை அச்சடித்தார்கள், எங்கே அச்சடித்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும், நாளைக்கு ஆல்பத்தில் குறிப்பு எழுத அதுதான் உதவும். முதல்நாள் உறையை ஆறு மாதம் கழித்து, ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்த்துவிட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். விருப்பப் பட்டியலைப் பின்னால் மாற்ற ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தால் போதும்.

பணம் கட்டியதும் ரசீது வாங்குங்கள், அதில் உங்கள் கணக்கு எண் எழுதியிருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள். எண் பிறகு தருகிறோம் என்றால் எப்போது, யாரிடம் கேட்பது என்று தெரிந்துகொண்டு வாருங்கள், கவுன்டரின் தொலைபேசி எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். அனுப்புகிற செலவு கணக்கில் கழியுமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுவது நல்லது.

பிள்ளைகள் பெயரிலும் திறக்கலாம், பெற்றோர் கையெழுத்துப் போட வேண்டும். பள்ளியில் படிக்கிற பிள்ளை இருந்தால் அவர்கள் பெயரிலேயே திறப்பதுதான் புத்திசாலித்தனம், காரணத்தைக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

4. கணக்கு திறந்த பிறகு

முதல் உறை வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம், பதற வேண்டாம். வெளியீட்டு நாளன்றே தலை உங்கள் ஊருக்கு வந்துவிடாது, பல வெளியீடுகளைச் சேர்த்து ஒரே உறையாக அனுப்புவதும் உண்டு. இரண்டு மாதம் தாண்டியும் எதுவும் வரவில்லை என்றால் கணக்கு எண்ணோடு நேரில் போய்க் கேளுங்கள்.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தருவார். பகலில் வீடு பூட்டியிருந்தால் அஞ்சலகத்திலேயே சில நாள் வைத்திருந்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இப்படித் திரும்பிப்போன உறையை மீட்பதுதான் இந்தப் பொழுதுபோக்கிலேயே பெரிய அலைச்சல். வேலைக்குப் போகிறவர்கள் அலுவலக முகவரியைக் கொடுக்கலாம், அல்லது உங்கள் பகுதித் தபால்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள், அவர் போன் பண்ணிவிட்டு வருவார். தபால்தலை சேர்ப்பவர் என்று தெரிந்தால் உறையை மடிக்காமல் கொண்டுவந்து தருகிறவர்களும் உண்டு.

ஒரு நோட்டில் என்ன வந்தது, எவ்வளவு கழிந்தது, மிச்சம் எவ்வளவு என்று எழுதிவாருங்கள். இருப்பு தீர்ந்தால் அனுப்புவதும் நின்றுவிடும், இடைப்பட்ட வெளியீடுகள் கைநழுவிப்போகும். இருப்பு 100 ரூபாய்க்குக் கீழே வந்ததும் போய்க் கட்டிவிடுங்கள். வீடு மாறினால் முகவரி மாற்றத்தையும் எழுத்தில் கொடுக்க வேண்டும், சேமிப்புக் கணக்கில் மாற்றிவிட்டேனே என்று இருந்துவிடாதீர்கள், இரண்டும் வேறு வேறு.

5. சாமான்கள்: மூன்று போதும்

ஸ்டாக் புக் (ஒட்டாமல் தலைகளைச் செருகி வைக்கிற பட்டைகள் கொண்ட ஆல்பம்) ஒன்று, தபால்தலை இடுக்கி ஒன்று, சின்ன உருப்பெருக்கி ஒன்று. எட்டுத் தாள் கொண்ட சிறிய ஸ்டாக் புக் சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். இடுக்கி என்றால் புருவம் பிடுங்குகிற கூர் இடுக்கி கிடையாது, முனை தட்டையாக இருக்க வேண்டும், கூர்முனை தலையில் ஓட்டை போட்டுவிடும். டெபாசிட்டையும் சேர்த்து ஆயிரம் ரூபாய்க்குள் எல்லாம் அடங்கிவிடும்.

புகைப்பட ஆல்பத்தில் வைக்காதீர்கள், அதிலிருக்கிற பசை தலையோடு ஒட்டிக்கொள்ளும். மலிவான பிவிசி உறைகளும் ஆகாது, நாளடைவில் நிறத்தைக் கெடுத்துவிடும். பசையாலோ செலோ டேப்பாலோ ஒட்டவே கூடாது. புத்தம்புதுத் தலையின் பின்பக்கப் பசை கெடாமல் இருந்தால்தான் அதற்கு மதிப்பு.

6. வீட்டுக்கு வரும் தபாலிலிருந்து இலவசமாகச் சேர்ப்பது

கல்யாணப் பத்திரிகை, பழைய கடிதக் கட்டு, உறவினர் வீட்டுப் பரண் என்று தேடினால் காசில்லாமலே நிறையக் கிடைக்கும். தாத்தா பாட்டி வீட்டில் கம்பியில் குத்தி வைத்த கடிதங்கள் இருந்தால், எடுத்ததும் தலையைக் கிழிக்காதீர்கள். பழைய உறை, முத்திரை, முகவரி எல்லாம் சேர்ந்து முழுதாக இருப்பதற்குத்தான் மதிப்பு அதிகம். அப்படியே வைத்துவிடுங்கள்.

சாதாரண உறையிலிருந்து எடுப்பதற்கு இதுதான் முறை. தலையைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் விட்டு உறையைக் கத்தரித்துக்கொள்ளுங்கள், பல் ஓரத்தில் கத்தரி படக்கூடாது. அகலமான கிண்ணத்தில் சாதாரணத் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள், சுடுதண்ணீர் வேண்டாம். பதினைந்து இருபது நிமிடத்தில் பசை இளகித் தலை தானாக வழுக்கிவரும். வராவிட்டால் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள், இழுக்காதீர்கள். தலையிலிருந்து தாளைத்தான் உரிக்க வேண்டும், தாளிலிருந்து தலையை உரித்தால் கிழியும். பின்பக்கம் மிச்சமிருக்கிற பிசுக்கை வேறு தண்ணீரில் அலசி, வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்துப் போட்டு நிழலில் உலரவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். பாதி உலர்ந்ததும் இரண்டு வெள்ளைத் தாளுக்கு நடுவில் வைத்துக் கனமான புத்தகத்தை மேலே ஏற்றி ஒரு ராத்திரி விட்டால் நேராகிவிடும்.

சிவப்பு, மஞ்சள் உறைகளைத் தனித்தனிக் கிண்ணத்தில் போடுங்கள், சாயம் இறங்கி மற்றதெல்லாம் பாழாகும். பயன்படுத்தாத புதுத் தலை, மினியேச்சர் ஷீட் எதையும் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகக்கூடாது. 2006ல் வந்த சந்தன மணத் தலை, 2007ன் ரோஜா, 2008ன் மல்லிகை இவையும் அப்படித்தான், நனைத்தால் வாசனை போச்சு. எவ்வளவு ஊறினாலும் வராத ஸ்டிக்கர் வகைத் தலைகளை உறைத்தாளோடு நேர்த்தியாக வெட்டி அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

7. முத்திரை சேர்ப்பது: செலவே இல்லாத இன்னொரு வழி

சுற்றுலா போகிறவர்கள் இதைத் தவறவிடக்கூடாது. மாமல்லபுரம், தஞ்சாவூர், கன்னியாகுமரி போன்ற ஊர்களின் அஞ்சலகத்தில் அந்த ஊரின் அடையாளத்தைப் படமாகக் கொண்ட நிரந்தரப் பட முத்திரை இருக்கிறது. ஒரு அஞ்சலட்டை 50 காசு. அட்டையில் ஒரு நினைவுத் தலையையும் ஒட்டி, உங்கள் முகவரியை எழுதி, "பிக்டோரியல் கேன்சலேஷன் போட்டுக் கொடுங்க" என்று கேட்டால் போட்டுத் தருவார்கள். பயணத்தின் நினைவாக இதைவிட மலிவான பொருள் எனக்குத் தெரியாது. ஞாயிறும் அரசு விடுமுறையும் இல்லாத நாளாகப் பார்த்துப் போக வேண்டும், வார இறுதிச் சுற்றுலாவில் பலர் கோட்டைவிடுவது இங்கேதான். முத்திரை மை காய்வதற்குள் பையில் போட்டுவிடாதீர்கள்.

நேரில் போக முடியாதவர்கள், தலை ஒட்டித் தம் முகவரி எழுதிய உறையை இன்னொரு பெரிய உறைக்குள் வைத்து, அந்த ஊர் அஞ்சலக அதிகாரிக்கு ஒரு வேண்டுகோள் கடிதத்தோடு அனுப்பலாம்.

8. கடையிலும் ஆன்லைனிலும் வாங்கும்போது

பழைய தலைகள் வியாபாரிகளிடம்தான் கிடைக்கும். "அபூர்வம்", "முதலீடு" என்ற சொற்களைக் கேட்டதும் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் வந்த இந்தியத் தலைகளில் பெரும்பாலானவை ஏராளமாக அச்சானவை, அவற்றை வாங்கி அடுக்கிவைத்துப் பணம் பார்க்கலாம் என்பது நடக்காத காரியம். வாங்கும் முன் கோல்நெக்ட் மாதிரியான இணையப் பட்டியலில் அந்தத் தலையின் ஆண்டையும் படத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

"நூறு நாடு, நூறு தலை" பொட்டலங்கள் பிள்ளைகளுக்குச் சரி. ஆனால் பளபளவென்று இருக்கிற அந்த வெளிநாட்டுத் தலைகளில் பல, தபாலில் ஒரு நாளும் போகாமல் விற்பனைக்காகவே முத்திரை குத்தி வந்தவை. சில, அந்த நாட்டு அஞ்சல் துறையே வெளியிடாதவை.

உங்கள் படத்தோடு தபால்தலை வேண்டுமென்றால் வெளியே யாரிடமும் போக வேண்டாம். அஞ்சல் துறையின் 'மை ஸ்டாம்ப்' திட்டத்தில் 12 தலை கொண்ட ஷீட் 300 ரூபாய். தெளிவான புகைப்படமும் அடையாளச் சான்று நகலும் கேட்பார்கள். கல்யாணம், அறுபதாம் கல்யாணத்துக்குத் தரலாம் என்றால் ஒரு மாதம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள்.

9. மழைக்காலப் பாதுகாப்பு

ஐப்பசி, கார்த்திகை ஈரம் தபால்தலைக்கு எமன். புதுத் தலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பழையவற்றில் பழுப்புப் புள்ளி விழும். ஸ்டாக் புக்கைப் படுக்க வைக்காமல் நிற்க வையுங்கள், வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வேண்டாம், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு பக்கத்தில் போட்டுவையுங்கள். மாதம் ஒரு தடவை எடுத்து மின்விசிறிக் காற்றில் பக்கம் பக்கமாகப் புரட்டினால் இராமபாணப் பூச்சியும் அண்டாது.

10. பள்ளிப் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருக்கிறது

பலருக்குத் தெரியாத விஷயம். தீன்தயாள் ஸ்பர்ஷ் யோஜனா என்று அஞ்சல் துறையின் திட்டம் ஒன்று 2017லிருந்து நடக்கிறது. 6 முதல் 9ஆம் வகுப்பு வரை படிக்கிற, தபால்தலை சேர்க்கிற மாணவர்களுக்கு மாதம் 500 வீதம் ஆண்டுக்கு 6000 ரூபாய். நாடு முழுவதும் 920 பேர், ஒவ்வொரு அஞ்சல் வட்டத்துக்கும் (பெரும்பாலும் மாநில அளவிலான அஞ்சல் துறைப் பிரிவு) வகுப்புக்குப் பத்துப் பேர் வீதம் 40 பேர் வரை.

தகுதிகள்: அங்கீகாரம் பெற்ற பள்ளி, கடைசியாக எழுதிய ஆண்டுத் தேர்வில் 60 சதவீத மதிப்பெண் (பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு 5 சதவீதத் தளர்வு), பள்ளியின் பிலாட்டலி சங்கத்தில் உறுப்பினர். பள்ளியில் சங்கமே இல்லையென்றால் மாணவர் பெயரில் டெபாசிட் கணக்கு இருந்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். பிள்ளை பெயரில் கணக்கு திறங்கள் என்று முன்னால் சொன்னது இதற்காகத்தான். முதல் கட்டம் எழுத்து வினாடி வினா, அதில் தேறினால் தபால்தலைகளை வைத்து ஒரு சின்ன புராஜெக்ட்.

அறிவிப்பு வந்த பிறகு ஓடினால் நேரம் போதாது. பள்ளி திறந்ததும் ஜூன் மாதமே கணக்கைத் திறந்து, மதிப்பெண் சான்று நகலையும் பள்ளியின் சான்றொப்பத்தையும் தயாராக வைத்துக்கொண்டு, பிலாட்டலி கவுன்டரில் அறிவிப்பு எப்போது என்று மாதம் ஒரு முறை விசாரியுங்கள். தேர்வானவர்களுக்குப் பணம் பெற்றோரோடு சேர்ந்த கூட்டுக் கணக்கில்தான் வரும், இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியிலோ அஞ்சலகத்திலோ அதைத் திறக்க வேண்டும். டெபாசிட் கணக்கு திறக்கப் போகிற அன்றே இதற்கான படிவத்தையும் கேட்டு வாங்கிவந்துவிட்டால் இன்னொரு நாள் விடுப்பு மிச்சம்.